தலவில மணலிற் பழமை காண்போம்

பழம்பொருளாராய்ச்சி என்றதும் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பவை மண்வெட்டியும் கண்ணாடிப் பேழையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளுமே. அத்துறையில் ஈடுபட்டோர் தூசிபடிந்த அறையொன்றினுள், மூக்குக்கண்ணாடியும் தாமுமாகக் காலங் கழிப்பவர் என்றே பலர் எண்ணுகின்றனர். எம்முடைய மாணவருட் சிலர் வரலாற்றுப் பாடத்துக்குச் 'செத்தவர் கணக்கு' என்று பட்டப்பெயர் இட்டிருப்பதும் எம் செவிக்கு எட்டாமலில்லை. உண்மை இதற்கு நேர்மாறானது. பழமையில் நாட்டங்கொண்டவன் நாட்டுப்புறத்திலே காலார நடப்பவன், காற்றின் பெயரறிந்தவன், கிழவர்களோடு திண்ணையிலிருந்து கதைகேட்பவன். மற்றவர் கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றும் இடத்தில் அவனுக்கு மட்டும் ஏதோவொன்று தென்படுகின்றது. அந்த இன்பத்துக்குப் பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா. புத்தளம் மாவட்டத்துத் தலவிலைக் கரையிலே பல ஆண்டுகளாக விடுமுறை தோறும் நாம் அதனை நுகர்ந்து வருகின்றோமாதலின், வாசகர்களையும் ஒருமுறை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், புத்தளத்தை அடையுமுன்னரே பாலாவிச் சந்தி வருகின்றது. அங்கிருந்து பிரியும் வீதி கற்பிட்டிக் குடாநாட்டினுட் புகுந்து வடக்கே ஓடுகின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு; இடையே தென்னையும் பனையும் வெங்காயப் பாத்திகளுமாக நீண்டு கிடக்கும் மணற்றிடல். வழியிலே இக்காலத்துக் காட்சிகளும் உண்டு. மாம்புரியிற் காற்றாலைகள் கைவீசி நிற்கின்றன. நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு முதல் மின்சாரம் வழங்கிவரும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரத்துக்குத் தெரிகின்றது. நுரையும் சோலையுமாக இவ்வளவு அழகிய பெயரொன்றை நிலக்கரியோடு சேர்த்து உச்சரிக்க நேர்ந்ததே என்று எமக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மனக்குறை எழுவதுண்டு. ஆயினும் எமது வீட்டு விளக்கும் அதனால் எரிகின்றதாகையால் வாய்திறப்பதில்லை.

இந்தக் குடாநாடே ஒரு தொல்பொருள். அரசனோ கொத்தனோ ஆக்கியதன்று. அலையும் நீரோட்டமும் காற்றும் கொண்டுவந்து குவித்த மணலால் ஆயது. இத்தகைய மணலிற் கிணறு தோண்டினால் உவர்நீரன்றோ ஊறவேண்டும்? நல்ல நீரே ஊறுகின்றது. மணலினூடு இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உப்புநீரைவிடக் கனங்குறைந்தது. ஆகவே, பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல அதன்மேல் மிதந்து நிற்கின்றது. அளவோடு இறைத்தால் ஆண்டு முழுவதும் பயன்தரும். பேராசைப்பட்டு இயந்திரம் வைத்து உறிஞ்சினால் கீழிருக்கும் உவர் மேலேறிவிடும். பயிருக்கு இடும் உரமும் மணலில் விரைந்திறங்கி அந்நீரிலேயே கலக்கின்றது. இங்கே மனிதர் குடியேறி வாழ முடிந்ததற்கும், வெங்காயமும் மிளகாயும் விளைவதற்கும் மூலகாரணம் அந்த மெல்லிய நன்னீர்ப் படலமே. கோட்டை கட்டியோரும் கோவில் கட்டியோரும் முதலில் தேடியது அதனைத்தான்.

கரைக்கு வருவோம். அடம்பன் கொடி ஊதாப் பூக்களோடு மணலைப் பிடித்துக்கொண்டு படர்ந்திருக்கும். இராவணன் மீசை என்னும் முட்புல்லின் உருண்டைகள் காற்றில் உருண்டோடும். சிறுவர்கள் அவற்றைத் துரத்துவர். பங்குனி மாதத்திற் கடல் தடாகம்போற் கிடக்கும். கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு தென்னந்தோப்பு வரையிற் கேட்கும். சோளகம் பெயர்ந்துவிட்டாலோ அதே கடல் வேறு கடலாகிவிடும். வள்ளங்கள் கரையேறி ஓலை போர்த்துக்கொள்ளும். பகல் முழுவதும் கடற்கரையில் நின்றவன் மாலையிற் கதிரவன் கடலில் விழுவதைக் காணலாம். மறுநாட் காலையில் குடாநாட்டின் மறுகரைக்குச் சென்றால் அதே கதிரவன் களப்பு நீரிலிருந்து எழுவதைக் காணலாம். கண்டற் காடுகளின் வேர்களுக்கிடையே கொக்குகள் அசையாது நிற்கும் அந்நேரத்தில், படிப்பித்தல், பரீட்சை, சம்பளம் என்பன எல்லாம் வேறொருவருக்கு நேர்ந்த விஷயங்கள்போலத் தோன்றும்.

தலவிலையைப் புகழ்பெறச் செய்தது கடற்கரையோரத்துப் புனித அன்னம்மாள் ஆலயம். மரியன்னையின் தாயாராகிய அன்னம்மாளுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இருமுறை பெருவிழா நடைபெறுகின்றது. கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் நேர்த்திக்கடன் வைத்து வருகின்றனர். தென்னோலைக் கொட்டில்கள் ஒரே இரவில் ஒரு நகரமாக எழும். விழா முடிந்ததும் அந்நகரம் மறையும். ஆலயம் எழுந்த வகைபற்றி இரு கதைகள் வழங்குகின்றன. மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்துசென்ற ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் களைத்து மரநிழலில் உறங்க, கனவிற் காட்சி கிடைத்தது என்பது ஒன்று. கப்பலுடைந்து கரையொதுங்கிய ஐரோப்பிய வணிகர் ஒருவர் தம்மிடமிருந்த திருவுருவத்தை ஆலமரத்தடியில் வைத்து, செல்வம் பெருகினாற் கோவில் கட்டுவேனென நேர்ந்துகொண்டார் என்பது மற்றொன்று. எது உண்மை என்று வழக்காடுவதில் எமக்கு ஆர்வமில்லை. இரண்டிலும் களைத்த வழிப்போக்கன் ஒருவனும், நிழல்தரும் மரம் ஒன்றும் இருப்பதையே நாம் கவனிக்கின்றோம். நண்பகலில் இம்மணலில் ஒரு மைல் நடந்து பார்த்தவருக்கு இக்கதைகளின் வேர் எங்கேயுள்ளது என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஆலயத்தின் முதிரைமரத் தூண்களைத் தொட்டுப் பார்க்காமல் நாம் திரும்புவதில்லை. முதிரை நம் வரண்ட காட்டின் செல்வம். பட்டுப்போல மினுங்கும் மஞ்சள் வைரம் உடையது. கடற்காற்றின் உப்புக்கும் எளிதில் இளகாதது. அவற்றை வெட்டி, இழைத்து, நிறுத்திய தச்சரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. சிற்பமென்றால் தஞ்சையும் மாமல்லபுரமும் மட்டுமே என்றிருப்போர், பிறமதக் கோவிலொன்றில் நம் காட்டு மரம் நிற்கும் நிலையையும் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். ரசனைக்குச் சமய எல்லை கிடையாது.

இனி வடக்கே கற்பிட்டிக்கு. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை களப்பின் வாயிலைப் பார்த்தபடி நிற்கின்றது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கு இந்தியாவோடிருந்த வாணிகத்தை நெரிப்பதே அதன் நோக்கம். பாக்கு வெளியே போகவும் துணி உள்ளே வரவும் இருந்த கடல்வழியின் குரல்வளையில் வைத்த கைதான் இக்கோட்டை. 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். இப்போது கடற்படையினரின் பொறுப்பில் இருப்பதால் அனுமதி பெற்றே உட்செல்லலாம். வாயில் செங்கல்லால் ஆயது. மதில் பெரும்பாலும் பவளக்கல். கோட்டையைக் காணச் செல்வோர் பீரங்கி எங்கே, சுரங்கம் எங்கே என்று கேட்பர். எம்மைக் கேட்டால் மதிலின் அருகே சென்று கல்லைப் பாருங்கள் என்போம். வட்ட வட்டமாகவும், மூளையின் மடிப்புப்போலவும், தேன்கூடுபோலவும் கோலங்கள் தெரியும். அவை சிற்பியின் உளிபட்டவையல்ல. கோடானுகோடி சிற்றுயிர்கள் கடலடியிற் கட்டிய வீடுகள். அவ்வீடுகளையே பெயர்த்து மனிதன் தன் கோட்டைக்கு மதிலாக்கினான். மிஞ்சியவற்றைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி அம்மதிலுக்கே சாந்தாகவும் பூசினான். பவளப்பாறையை அகழ்தல் இக்காலத்திற் குற்றம்.

அருகிலே ஒல்லாந்தரின் பழைய தேவாலயமும், எழுத்தும் சின்னமும் பொறித்த கல்லறைக் கற்களும் உள்ளன. இலங்கை முழுவதிலும் இத்தகைய கற்களைத் தேடித்தேடிப் படியெடுத்து ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1913இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அவரும் தொழிலால் ஆராய்ச்சியாளரல்லர், அரசாங்க உத்தியோகத்தர். உத்தியோகத்தினிடையே கிடைத்த ஓய்வை அவர் எவ்வாறு போக்கினார் என்பதற்கு அந்நூல் சாட்சி.

ஆயின் கற்பிட்டிக்கு வருவோர் முதலில் நினைக்கவேண்டியவர் அவ்வூரிலே பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860). 'தமிழ் புளூராக்' என்னும் நூலை 1859இல் எழுதி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திற் கோத்துத் தந்தவர் என்று மாணவர் அறிவர். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1834இல், அவர் வெளியிட்ட 'சிலோன் கசற்றியர்' என்னும் ஊரகராதியைப்பற்றி அறிந்தோர் குறைவு. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு! இலங்கையின் ஊர்கள், ஆறுகள், குளங்கள், சனங்கள், பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் அகரவரிசைப்படுத்தித் தந்த நூல் அது. தொல்பொருட் திணைக்களம் என்றொன்று இந்நாட்டிலே தோன்றியது 1890இல். காசிச்செட்டி மறைந்து முப்பது ஆண்டுகளின் பின். அவர் காலத்தில் இந்நாட்டிற் புகைவண்டியில்லை, வழிகாட்டும் பேராசிரியரில்லை. களப்பின் இருகரையிலும் உத்தியோக நிமித்தமாக அலைந்த மனிதர், கண்ணையும் காதையும் திறந்துவைத்துக்கொண்டு அலைந்தார், அவ்வளவே. அவருடைய புலவர் வரலாறுகளில் வரும் காலக் கணிப்புகளை இன்றைய ஆராய்ச்சியாளர் பலவிடத்தும் ஒப்புவதில்லை. செவிவழிக் கதைகளும் அங்கே கலந்துள்ளன. அதனாலென்ன? அவர் எழுதாது விட்டிருந்தால் திருத்துவதற்கும் ஒன்று இருந்திராது. 'உள்ளூரில் என்ன இருக்கின்றது' என்று சலித்துக்கொள்ளும் இளைஞர், இருபத்தேழு வயதில் அவர் செய்ததை எண்ணிப் பார்க்கவேண்டும்.

களப்புக் கரையில் நின்று எதிர்ப்புறம் நோக்கினால் இன்னும் பழைய காலங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டுக் காற்றால் இத்திசைக்குத் தள்ளப்பட்டுப் புத்தளத்தில் இறங்கினார். மரவேலியும் மரக்கொத்தளமும் சூழ்ந்த அழகிய சிறு நகரமாக அதனைக் கண்டார். அங்கே அவரை வரவேற்ற மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி. இருவரும் பாரசீக மொழியில் உரையாடினர். மன்னன் முத்துக்களைக் காட்டினான். சிவனொளிபாத மலைக்குச் செல்ல யாத்திரிகருக்குத் துணையும் பல்லக்கும் கொடுத்தான். யாழ்ப்பாணத்து மன்னன், மொறோக்கோ முஸ்லிம், பாரசீகப் பேச்சு, பல சமயத்தாரும் வணங்கும் மலை என இத்தனையும் ஒரே சம்பவத்தில்! கரையெங்கும் கறுவா மரக்கட்டைகள் வெள்ளத்தால் ஒதுங்கிக் கிடந்தனவென்றும் அவர் எழுதியுள்ளார். இதைப் படித்த நாள் முதல் கரையில் ஒதுங்கும் எந்தக் கட்டையைக் கண்டாலும் முகர்ந்து பார்க்கும் வழக்கம் எமக்கு உண்டாகிவிட்டது. இதுவரை உப்பு மணந்தானே தவிரக் கறுவா மணக்கவில்லை.

வடக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குதிரைமலை முனையோ மேலும் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குமேற் பழமையுடையதொரு செய்தியோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. அன்னியஸ் புளொக்காமஸ் என்னும் உரோமனின் விடுதலைபெற்ற அடிமையொருவன் அரேபியக் கடலிற் காற்றில் அகப்பட்டு, இலங்கையில் இப்புரோஸ் என்னும் துறையை அடைந்ததாகப் பிளினி எழுதியுள்ளார். கிரேக்கத்தில் இப்போஸ் என்றாற் குதிரை. ஆதலின் அத்துறை குதிரைமலையே எனச் சில அறிஞர் கொள்வர்.

எல்லாவற்றிலும் எம் மனத்தைக் கவர்ந்தது கலா ஓயாவுக்கு அப்பால், வில்பத்துக் காட்டினுள் இருக்கும் பொன்பரிப்பு. அங்கே மண்ணுக்குள் ஈமத்தாழிகள் புதைந்துள்ளன. 1956இலும் பின்னர் 1970இலும் அங்கே அகழ்வாராய்ச்சி நடந்தது. பின்னையதை நடத்தியவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தைச் சேர்ந்த விமலா பெக்லி அம்மையார். இறந்தோரின் எலும்புகளைச் சேர்த்துத் தாழியிலிட்டுப் புதைத்திருக்கின்றனர். ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் உண்டு. கூடவே கறுப்புச் சிவப்பு மட்கலங்கள். சூளையிற் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும். தணல் படும் வெளிப்புறம் சிவக்கும். அந்த ஒரே சூட்டில் இரு நிறம் பெறும் வித்தையை அக்காலக் குயவன் அறிந்திருந்தான்.

இத்தாழிகளுக்கு நெருங்கிய உறவுடையவை மன்னார்க் குடாக் கடலுக்கு அக்கரையிலே, தாமிரபரணி ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூரில் உள்ளன. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டிப் பல பொருட்களைப் பேர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ விரிவாக அகழ்ந்தார். அந்த ஆற்றின் பெயரும் இந்தத் தீவின் பழம்பெயராகிய தம்பபண்ணியும் ஒன்றுபோலொலிப்பதை எண்ணும்போது நமக்கு மெய்சிலிர்க்கின்றது. ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. தாழி ஒன்று வெளிப்பட்டதும், அது எம்முடையது, உம்முடையதன்று என்று வழக்காடுவோர் இந்நாட்டிற் பலர். பானைக்கு மொழி கிடையாது. அதனை வனைந்த கைக்கு ஒரு மொழி இருந்திருக்கும், ஆனால் எழுத்தில்லாத பானை அதனைச் சொல்லாது. கடலின் இருகரையிலும் வாழ்ந்தோர் இறந்தாரை ஒரே விதமாகப் போற்றினர், ஒரே விதமான கலத்தில் உண்டனர் என்பது பானை சொல்லும் செய்தி. அதுவே நமக்குப் பெருஞ்செல்வம். அதற்குமேல் அதன் வாயில் நாம் சொற்களைத் திணிக்கத் தொடங்கினால் ஆராய்ச்சி போய் அரசியல் வந்துவிடும்.

எம்மோடு வரும் மாணவருக்கு நாம் ஒரு குறிப்புப் புத்தகமும், அளவுநாடாவும், குடையும் மட்டும் கொண்டுவரச் சொல்வோம். மண்வெட்டிக்கு அனுமதியில்லை. உரிமப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி நிலத்தைத் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிடினும் அது கூடாது. ஓர் ஓடு எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் பேச்சு. எடுத்துச் சட்டைப்பையிற் போட்ட கணமே அது ஊமையாகிவிடும். ஆகவே பார்ப்பது, அளப்பது, வரைவது, ஊர்ப்பெயருக்குக் காரணம் கேட்பது, இவ்வளவே வேலை. தலவில என்ற பெயரிலுள்ள 'வில' சிங்களத்தில் நீர்நிலையைக் குறிக்கும் என்று ஒரு மாணவி கூற, அப்படியானால் அந்த நீர்நிலை எங்கே என்று மற்றொருவன் கேட்க, ஒரு பகல் முழுவதும் பள்ளந்தேடி அலைந்தோம். அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடத்தை எந்த வகுப்பிலும் நாம் நடத்தியதில்லை.

இவ்வூரில் வெங்காயம் செய்யும் முஸ்லிம் அன்பர் ஒருவர் எமக்கு நெடுநாட் பழக்கம். ஒருமுறை அவர் தோட்டத்திற் கிடைத்த சிவந்த ஓட்டுத் துண்டொன்றைக் கொண்டுவந்து, "மாஸ்டர், இது எந்த ராசா காலத்து ஓடு?" என்றார். அதில் மங்களூர் என்று ஆங்கில எழுத்திற் பொறித்திருந்தது. 1865இல் பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதையும், அங்கிருந்து ஓடுகள் கப்பலேறி வந்ததையும் சொன்னோம். ராசா இல்லையே என்று அவர் முகம் சிறிது வாடினாலும், தம் தோட்டத்து ஓடு கடல்கடந்து வந்தது என்பதில் மகிழ்ச்சிதான். பிறகு தயங்கித் தயங்கி மற்றொன்றைச் சொன்னார். முன்னொரு காலம் கிணறு வெட்டும்போது இடுப்பளவு பானையொன்று வந்ததாம்.

"என்ன செய்தீர்கள், நானா?"

"சொன்னாக் காணியப் புடிச்சிருவாங்கண்டு பயம் மாஸ்டர். ஒடச்சுக் கிணத்துக் கட்டுக்குள்ள போட்டுட்டன்."

அவரைக் கடிந்துகொள்ள எமக்கு நாவெழவில்லை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையிற் பையோடு இந்த மணலில் வந்திறங்கிய குடும்பம் அவருடையது. ஒருமுறை நிலத்தை இழந்தவருக்குப் பானை பெரிதா, காணி பெரிதா? ஆனாலும் அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசினோம். தாழிகளைப்பற்றியும், எலும்புகளைப்பற்றியும், அக்கரையைப்பற்றியும் அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். "அப்ப உள்ளுக்க மனுசர் இருந்திருப்பாங்களா மாஸ்டர்?" என்று இருமுறை கேட்டார். உப்பிட்ட மீன் வைத்த சாடியாகவும் இருந்திருக்கலாம் என்றோம்.

சென்ற விடுமுறையில் நாம் போய் இறங்கியதுமே அவருடைய மகன் சைக்கிளில் வந்து எம்மை அழைத்துச் சென்றான். தோட்டத்தின் கீழைப்புறத்தில் புதிய பாத்தி வெட்டிய இடத்தில், நான்கு தடிகள் நாட்டி, கிடுகு போட்டு மூடியிருந்தது. கிடுகை நீக்கினார். மணலுக்குள் ஒரு கலத்தின் விளிம்பு, பிறைபோல. அதைச் சுற்றி ஒரு விரற்கடை மண்ணும் அகற்றப்படவில்லை. நாம் அளந்தோம், வரைந்தோம், கையால் தொடவில்லை. அன்றே உரியவர்களுக்கு அறிவித்தல் எழுதி, அவரும் கையொப்பமிட்டு, அஞ்சலிற் சேர்த்தோம். காணிக்கு இடையூறு வராதென்று எம்மால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. வந்தால் கூட நின்று பேசுவோம் என்று மட்டும் சொன்னோம். அவர் கிடுகை மீண்டும் போட்டு, பறக்காதபடி நான்கு மூலையிலும் பவளக்கல் வைத்தார்.

"வெங்காயம் நடுற காலம் போகுது மாஸ்டர்," என்றார். "அவங்க வாறவரைக்கும் இந்தப் பாத்தி மட்டும் சும்மா கிடக்கட்டும். மத்தப் பக்கம் நட்டிருவம்."